பிரான்சில கப்பலால இறங்கி நாங்களாவே சுத்திப் பாக்கேலுமோ? அம்மா அப்பாவோட போறம், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

பரந்தன்தங்கச்சி:
வணக்கம் உறவுகளே. கொஞ்சம் நீட்டுக் கேள்வி, பொறுத்து வாசியுங்கோ. கனடாவில இருக்கிற அண்ணா எங்கள் மூண்டுபேரையும், அம்மா அப்பா நான், ஒக்டோபரில கப்பல் பயணம் ஒண்டுக்குக் கூட்டிக்கொண்டு போறார். ரொட்டர்டாமில ஏறி ரோமுக்குக் கிட்ட இறங்கிறது. நடுவில பிரான்சில மட்டும் மூண்டு இடத்தில நிக்குமாம், லு ஆவ்ர், மார்செய், வில்பிராஞ்ச். கப்பல்காரர் கூட்டிக்கொண்டு போற ரூருக்கு ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல கேக்கினம், நாலு பேருக்கு மூண்டு நாள் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ. நாங்களாவே இறங்கிப் போவம் எண்டு அண்ணா சொல்றார், அப்பா பயப்பிடுறார்.

இதில முக்கியமான விசயம் என்னெண்டால் அம்மான்ர தங்கச்சி, என்ர சின்னம்மா, பரிசில இருக்கிறா. 1990ஆம் ஆண்டு வெளிக்கிட்டுப் போனவ, அதுக்குப் பிறகு அம்மா ஆளை நேரில காணேல்ல, போனில மட்டும்தான். லு ஆவ்ர்ல இருந்து பரிசுக்கு ரெயின் இருக்காம். கப்பல் காலமை 7 மணிக்கு வந்து பின்னேரம் 7 மணிக்கு வெளிக்கிடும், அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. போய்ப் பாத்திட்டு வரலாமோ? அம்மாவுக்கு 67 வயசு, முழங்கால் ஏலாது, படி ஏறினால் அண்டைக்கு இரவு நித்திரை இல்லை. ஆனா இந்தப் பயணத்துக்கு அவ ஓமெண்டதே தங்கச்சியைப் பாக்கலாம் எண்டுதான்.

முல்லைக்கடல்:
தங்கச்சி, நான் ஆறு வருசம் கப்பல் கிச்சினில வேலை செய்தனான், இப்ப முல்லைத்தீவில நிக்கிறன். நாங்களாவே போறதில பிழை இல்லை, பிரான்சில வசதியும் கூட. ஆனா ஒண்டை மட்டும் மனசில வையுங்கோ. கப்பல்ர ரூரில போன பஸ் பிந்தினால் கப்பல் அதுக்காக நிக்கும், நீங்களாப் போய்ப் பிந்தினால் நிக்காது. துறைமுகத்தில கப்பல் நிக்கிறதுக்கு மணிக்கணக்கில காசு, கப்பலைத் துறையால வெளிய கொண்டுபோற பைலட் நேரம் குறிச்சு வருவார், அடுத்த துறையில இடம் காத்துக்கொண்டிருக்கும், அதால கப்ரன் நினைச்சாலும் நிக்கேலாது.

அதால கணக்கைப் பின்பக்கமாப் போடுங்கோ. 7 மணிக்கு வெளிக்கிடுற கப்பலுக்கு 6 அல்லது 6.30க்கே எல்லாரும் உள்ளுக்க நிக்கோணும், அந்த நேரத்தை முதல்நாள் இரவு அறைக்குக் குடுக்கிற தாளில போட்டிருப்பினம். அதுக்கும் ஒரு மணித்தியாலம் முன்னால, எண்டால் 5 மணிக்கு லு ஆவ்ர் ஸ்ரேசனில இறங்கோணும். பரிசில இருந்து ரெயின் ரெண்டேகால் மணித்தியாலம் மட்டில ஓடும், அப்ப 2.30, 2.40க்கு அங்க ஏறோணும். காலமை கப்பலால இறங்க 8 மணி ஆகும், ஸ்ரேசனுக்குப் போய் ரெயின் எடுத்து பரிசில இறங்க 11.30 தாண்டும். சின்னம்மா வீடு எங்கயெண்டு தெரியேல்ல, பரிசில எங்கட தமிழ்க்கடையள் இருக்கிற லாச்சப்பல் பக்கமெண்டாலும் போக வர ஒரு மணித்தியாலம் போயிடும். அம்மாவுக்குத் தங்கச்சியைப் பாக்கக் கிடைக்கிறது ஒண்டரை மணித்தியாலம், அதிலயும் மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துத்தான் கதைக்கவேண்டி வரும். ஞாயிற்றுக்கிழமை ரெயினும் குறைவு, ஸ்ரைக் வந்தால் அதுவும் இல்லை.

நான் கண்ணால கண்டது ஒண்டு சொல்றன். ஒரு வயசான புருசன் பெண்சாதி, ரெயின் பிந்திப் போச்சு, நாங்கள் கயிறு கழட்டி நகர்ந்தாப்பிறகு துறையில வந்து நிண்டு கையைக் காட்டினவை. அவையின்ர மருந்தெல்லாம் அறைக்குள்ள. அடுத்த துறைக்குத் தங்கட செலவிலதான் வந்து ஏறினவை. அந்த அம்மான்ர முகம் எனக்கு இண்டைக்கும் மறக்கேல்ல. அதால எங்க இறங்கினாலும் அண்டையான் மருந்து, பாஸ்போட் கொப்பி, அந்தத் தாளில இருக்கிற துறைமுக ஏஜன்ர போன் நம்பர், இது மூண்டும் கையில இருக்கோணும். விசா வேணுமான ஆக்களின்ர பாஸ்போட்டைக் கப்பலில வாங்கி வைக்கிறதும் உண்டு, ஏறின உடனயே ரிசெப்சனில கேளுங்கோ. மணிக்கூட்டையும் கப்பல் நேரத்துக்குத்தான் வையுங்கோ, போன் தானா மாறிடும், நம்பேலாது.

மல்லாவியக்கா:
தங்கச்சி நான் பரிஸ்ல 22 வருசம். தம்பி சொன்ன கணக்குச் சரி. ஆனா ஏன் அம்மா பரிசுக்குப் போகோணும்? சின்னம்மாவை லு ஆவ்ருக்கு வரச்சொல்லுங்கோ! சென் லசார் ஸ்ரேசனில காலமை ரெயின் எடுத்தால் நேர லு ஆவ்ர், மாறவே தேவையில்லை. ஞாயிறு வேலையும் இராது. அவ பிந்தினால் அடுத்த ரெயினில வரலாம், அம்மா பிந்தினால் கப்பல் போயிடும், யார் ஓடோணும் எண்டு இதிலயே தெரியுதெல்லோ. ரிக்கெற்றை முன்கூட்டியே எடுக்கச்சொல்லுங்கோ, மலிவு. அப்ப அம்மாவுக்கு ஒண்டரை மணித்தியாலம் இல்லை, அஞ்சாறு மணித்தியாலம் கிடைக்கும்.

கப்பல் நிக்கிற இடத்தில இருந்து ரவுணுக்கு நடந்தால் அரை மணித்தியாலம் மட்டில, அம்மாவுக்கு அது வேண்டாம், ஷட்டில் பஸ் இல்லாட்டி ராக்ஸி பிடியுங்கோ. ஞாயிற்றுக்கிழமை கடையள் கனக்கப் பூட்டு. சாப்பாட்டுக் கடையும் 12க்கும் 2க்கும் இடையிலதான் சமைப்பினம், 2.30க்குப் போனால் அடுப்பு அணைச்சிருப்பினம். சின்னம்மா வீட்டில இருந்து புட்டோ இடியப்பமோ கட்டிக்கொண்டு வந்தால் கடற்கரையில இருந்து சாப்பிடலாம், கல்லுக் கடற்கரை, இருக்க வாங்கு இருக்கு. மிச்சத்தைக் கப்பலுக்குக் கொண்டு போகாதேங்கோ, சமைச்ச சாப்பாடு ஏத்த விடமாட்டினம். கடைக்குள்ள போனால் முதல் போன்ஜூர் சொல்லுங்கோ, சொல்லாமல் கேள்வி கேட்டால் அவைக்கு அது மரியாதைக்குறைவு, முகம் மாறிடும்.

இன்னொண்டு. அந்த ஊரைப் பாத்திட்டு வடிவில்லை எண்டு கனபேர் சொல்லுவினம், எல்லாம் கொங்கிறீற் பெட்டி பெட்டியா எண்டு. நான் முதல்தரம் போய் நிண்டபோது எனக்குத் தொண்டை அடைச்சது. 1944 செப்டெம்பரில குண்டு போட்டு நடு ஊர் முழுக்கத் தரைமட்டம். ஜேர்மன்காரர் உள்ளுக்க இருந்தவை, போட்டது நேசநாட்டுப் படை, செத்தது ஊர்ச்சனம். பிறகு ஒகுஸ்த் பெரே எண்ட கட்டடக்கலைஞர் திட்டம்போட்டு ஊரையே திருப்பிக் கட்டினவர். 2005இல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமா அறிவிச்சது. சென் ஜோசப் தேவாலயத்துக்குள்ள கட்டாயம் போங்கோ, 107 மீற்றர் உயரக் கோபுரம், உள்ளுக்க நிண்டு அண்ணாந்து பாத்தால் கலர்க்கண்ணாடி வெளிச்சம் கொட்டும். செத்த சனத்தின்ர நினைவாவும் கட்டினது அது. கிளிநொச்சியில சண்டையில தண்ணித்தாங்கி விழுந்து கிடந்ததைப் பாத்த ஆக்களுக்கு அந்த இடம் விளங்கும், வேற ஆக்களுக்கு வெறும் கொங்கிறீற். அம்மாவும் சின்னம்மாவும் அதுக்குள்ள கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கட்டும்.

பரந்தன்தங்கச்சி:
அக்கா, வாசிச்சு முடிய நான் அழுதிட்டன். சின்னம்மாவை வரச்சொல்றது எங்கள் ஒருத்தருக்கும் யோசனையே வரேல்ல. இரவே அண்ணாவோட கதைச்சனான், அவர் உடன ஓமெண்டிட்டார். அப்ப மத்த ரெண்டு இடத்தையும் சொல்லுங்கோ. அம்மா மடுமாதாவுக்கு நேர்த்தி வைக்கிறவ, சைவ சமயம்தான், ஆனா ஒவ்வொரு ஆவணியும் மடுவுக்குப் போவா. மார்செய்ல மலைக்கு மேல மாதா கோயில் இருக்காமே?

முல்லைக்கடல்:
ஓம் தங்கச்சி, நோத்ரு டாம் டு லா கார்த். கடல்காரரின்ர மாதா அவ. உள்ளுக்கக் கூரையில இருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மையள் தொங்கும், புயலில தப்பி வந்தவை நேர்த்திக்குக் குடுத்தது, சுவரெல்லாம் நன்றிப் பலகை. உச்சியில பொன்பூச்சு மாதா, 11 மீற்றர், கடலில வரேக்கயே தெரியும். நானும் கடலுக்குப் போற குடும்பம்தான், ஒவ்வொருதரமும் ஒரு மெழுகுதிரி கொளுத்தித்தான் திரும்புவன்.

போற வழி: கப்பல் நிக்கிற இடம் ரவுணுக்கு வெளிய, 7, 8 கிலோமீற்றர், நடக்க நினைக்காதேங்கோ, உள்ளுக்க கொள்கலன் லொறியள் ஓடும். ஷட்டில் பஸ் ஜொலியெத் எண்ட இடத்துப் பக்கம் கொண்டுபோய் விடும், அங்கயிருந்து பழைய துறைமுகத்துக்கு உங்களுக்கு நடை, அம்மாவுக்கு ராக்ஸி. அங்க காலமையில மீன் விப்பினம், முல்லைத்தீவுக் கரையில நிக்கிற மாதிரித்தான் இருக்கும். அங்கயிருந்து 60ஆம் நம்பர் பஸ் கோயிலடி வரைக்கும் ஏறும், கடைசியில கொஞ்சப் படி இருக்கு, ஆறுதலா ஏறட்டும். கையில இருக்கிற பாக்கை முன்னுக்குப் போடுங்கோ, களவு உண்டு. அந்த ஒண்டு போதும் அண்டைக்கு. ஏ-ஒன்-புரொவான்ஸ் எண்டு பக்கத்து ஊருக்கும் ஓடுவம் எண்டு அண்ணா சொன்னால் விடாதேங்கோ.

வில்பிராஞ்ச்ல கப்பல் கரைக்கு வராது, குடாவில நங்கூரம் போட்டிட்டுச் சின்னப் போட்டில இறக்குவினம். போட்டு ஆடும், அம்மா ஏறி இறங்கேக்க மாலுமி கையைப் பிடிப்பார், அப்பிடியே விடச்சொல்லுங்கோ, வெக்கப்படக்கூடாது. கடல் கொந்தளிச்சால் அந்தத் துறையே கான்சல், அதால அண்டைக்குக் காசு கட்டி ஒண்டும் புக் பண்ணாதேங்கோ. கடைசிப் போட்டு நேரம் கப்பல் வெளிக்கிடுற நேரத்துக்கு நல்லா முன்னால, அதுதான் உங்கட நேரம். ஸ்ரேசன் கடற்கரைக்கு மேலயே இருக்கு, ஒரு பக்கம் போனால் நீஸ் பத்து நிமிசத்துக்குள்ள, மறுபக்கம் மொனாக்கோ கால் மணித்தியாலம். வென்ரிமிலியா எண்டு போட்ட ரெயின் மொனாக்கோ பக்கம், மாறி ஏறாதேங்கோ. அண்ணாவும் நீங்களும் நீஸுக்குப் போங்கோ, அம்மாவையும் அப்பாவையும் கரையில ஒரு கடையில இருத்தி விடுங்கோ, அந்தக் குடாவைப் பாத்துக்கொண்டிருந்தாலே நேரம் போறது தெரியாது.

மல்லாவியக்கா:
விசாவை மறந்திட்டம். அண்ணா கனடா பாஸ்போட் எண்டால் அவருக்கு வேண்டாம், உங்கள் மூண்டுபேருக்கும் செங்கன் விசா வேணும், ஐரோப்பாவில கனநாட்டுக்கும் பொதுவான விசா அது. எந்த நாட்டில கூட நாள் நிக்கிறீங்களோ அந்த நாட்டிட்ட கேளுங்கோ, மல்ரிப்பிள் என்ட்ரி, எண்டால் கனதரம் உள்ளுக்க வந்து போகலாம், எண்டு போடுங்கோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்சும் கேப்பினம். கொழும்புக்குப் போக வர ரெண்டு நாளெண்டு வையுங்கோ, நேரத்தோட தொடங்குங்கோ.

பரந்தன்தங்கச்சி:
சரியான நன்றி அக்கா, அண்ணை. சின்னம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னம், ரெண்டுபேரும் கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு சின்னம்மா கேட்டது, அக்கா வரேக்க கறிவேப்பிலை கொண்டு வருவியோ எண்டு. அம்மா இப்பவே மரத்துக்குத் தண்ணி ஊத்துறா. கொண்டு போகலாமோ?

மல்லாவியக்கா:
பச்சையாக் கூடாது, எயாப்போட்டில எறிஞ்சிடுவினம். இறைச்சி, பால் சாமானும் வேண்டாம். வறுத்து இடிச்ச தூள் பைக்கற்றில அடைச்சுக் கொண்டு வாங்கோ, அம்மான்ர கையால இடிச்சதெண்டு ஒரு தாளில எழுதி ஒட்டுங்கோ.