மகனுக்குத் தெரபி நடக்கிறது. எனக்காக நான் யாரிடம் செல்வது?

கேள்வி – பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்

வணக்கம். நான்கு வயதாகும் என் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்து ஓராண்டு ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்காகத் தருமபுரிக்குப் பேருந்தில் அழைத்துச் சென்று வருகிறேன். கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வீட்டில் இருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகன் எழுந்துகொண்டால் அத்துடன் என் தூக்கமும் போய்விடும். சென்ற வாரம் அவன் சாப்பாட்டுத் தட்டை மூன்றாவது முறையாகத் தள்ளிவிட்டபோது, என்னையறியாமல் முதுகில் அடித்துவிட்டேன். சிந்திய சோற்றை அள்ளும்போது என் கை நடுங்கியது. அவனோ மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் கவுன்சலிங் வேண்டும் என்று தோன்றுகிறது. "வைத்தியம் பிள்ளைக்குத்தானே, உனக்கு என்ன வந்தது?" என்கிறார் மாமியார். பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில் – தருமபுரி, சிறப்பாசிரியை

சகோதரி, அடித்ததை மறைக்காமல் எழுதினீர்களே, மருத்துவரிடமும் இப்படியே சொல்லுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகச் சீட்டு வாங்கினால் போதும். நோய் இருந்தால்தான் வர வேண்டும் என்பதில்லை. நீங்கள் பேசுவதை இரகசியமாக வைத்திருப்பது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி அவர்களுடைய கடமை. அதுவரை காத்திருக்க முடியாத இரவுகளில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். மாமியாரை ஒரு நாள் பேச்சுப் பயிற்சிக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். நாம் பத்து முறை சொல்லிப் புரியாதது அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

பதில் – கிருஷ்ணகிரி, ஒரு தந்தை

தொலைபேசியில் பேசுவது தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். நானும் மனைவியும் நேரில் சென்றபோது, ஆலோசகர் முதலில் எங்கள் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டார். கோபம் வரும் நேரத்தை இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவரச் சொன்னார். பார்த்தால், பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல், நாங்கள் இருவரும் பசியோடு இருந்த நேரம்! அதன்பின் வாரத்தில் இரண்டு இரவு நான் விழித்திருப்பது என்று முடிவு செய்தோம். உங்கள் கணவர் சனி இரவே வந்துவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். செலவும் ஒரு பாரம்தான் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கான நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உள்ளது.

மீண்டும் கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மகன் எழுந்தபின் 14416இல் பேசினேன். பாதி நேரம் அழுதுகொண்டுதான் இருந்தேன், அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். திங்கட்கிழமை தருமபுரி செல்கிறேன். சீட்டுக்கு வரிசையில் நிற்கும்போது மகனை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் மீதமுள்ள சிக்கல், மாமியாரையே கேட்கப்போகிறேன்.