விமான எலிவேட்டர் கேபிள் டென்ஷன்: தையில் 30 பவுண்ட், கத்திரி வெயிலில் 44. எங்கே தப்பு?

அரியாங்குப்பம்_ஷெட் (கேள்வி)

வணக்கம். இரண்டு சீட், முழு அலுமினிய உடம்பு, பிளான் பார்த்துக் கட்டுகிற விமானம். எலிவேட்டருக்கு (வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பலகை) மேலே இழுக்க ஒரு கேபிள், கீழே இழுக்க ஒன்று. இரண்டும் 1/8 இன்ச், 7×19 (19 இழை கொண்ட 7 புரி), கால்வனைஸ்டு. பிளானில் டென்ஷன் "30 பவுண்ட், 5 கூடலாம் குறையலாம்" என்று மட்டும் இருக்கிறது.

தை மாதக் காலையில், 22 டிகிரியில், இரண்டையும் 30-க்கு வைத்தேன். சேஃப்டி ஒயர் (இறுக்கிய திருகு கழலாமல் கட்டும் கம்பி) இன்னும் போடவில்லை. இப்போது மத்தியானம் தகர ஷெட்டுக்குள் 38 டிகிரி. மேல் கேபிள் 47, கீழ் கேபிள் 41. டர்ன்பக்கிளை (கேபிளை இறுக்கும் திருகு) யாரும் தொடவில்லை. ஸ்டிக் (விமானி பிடிக்கும் கைப்பிடி) கனக்கிறது, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறது. எலிவேட்டர் தன் எடைக்குக்கூட இறங்க மாட்டேன் என்கிறது.

டென்ஷன் மீட்டர் கெட்டுவிட்டதா? இப்போதே தளர்த்தி 30-க்குக் கொண்டுவரலாமா? இரண்டு கேபிளுக்கும் ஏன் 6 பவுண்ட் வித்தியாசம்?

தேவனாம்பட்டினம்_புல்லி

தளர்த்தாதீங்க தம்பி. முதலில் கணக்கைப் பாருங்க.

ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும். ஸ்டீல் கேபிள் 12 மைக்ரான்தான். உடம்பு கேபிளைவிட மீட்டருக்கு 11 மைக்ரான் அதிகமாக நீள்வதால் கேபிள் இழுபடுகிறது. உடம்பு, கேபிள் இரண்டுமே தத்தம் நீளத்துக்கு ஏற்ற அளவில் நீள்வதால் கேபிள் 3 மீட்டரா 5 மீட்டரா என்பது இதில் கணக்கே இல்லை. 1/8 இன்ச் 7×19-க்கு இது தோராயமாக டிகிரிக்கு 1 பவுண்ட். உங்களுக்கு ஏறியது 16 டிகிரி. 30-ல் தொடங்கி சராசரி 44 வந்திருக்கிறது என்றால் மீட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

அதனால் வெப்பநிலை சொல்லாத 30 பவுண்ட் பாதி அளவுதான். தயாரிப்பாளர்களின் டென்ஷன் அட்டவணையில் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு எண் இருக்கும், "5 கூடலாம் குறையலாம்" என்பது அந்தந்த எண்ணைச் சுற்றித்தான். பிளான் விற்றவரிடம் 30 எந்த டிகிரிக்கு என்று எழுதிக் கேளுங்க. 21 டிகிரி (70 ஃபாரன்ஹீட்) என்று பதில் வந்தால் தையில் வைத்தது சரி, இன்றைய 44-ம் சரி. இப்போது 30-க்குத் தளர்த்தினால் மார்கழி விடியற்காலையில் அது 15-க்குப் போய்விடும். தொய்ந்த கேபிள் புல்லியை விட்டு ஏறும், எலிவேட்டர் படபடக்க இடம் கொடுக்கும். இறுக்கத்தைவிட அதுதான் ஆபத்து.

உடம்பு எதனால் ஆனது என்பதைப் பொறுத்து இது மாறும். ஸ்டீல் குழாய் உடம்பில் கால்வனைஸ்டு கேபிள் என்றால் ஏற்ற இறக்கம் அநேகமாக இருக்காது. மர உடம்பில் தலைகீழ், வெயிலில் கேபிள் தொய்யும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் கேபிள் போட்டால் மாற்றம் ஏறக்குறைய பாதி, ஏனென்றால் அது 17 மைக்ரான் நீளும்.

அடுத்தது அந்த 6 பவுண்ட். எலிவேட்டரைத் தொங்கவிட்டு, ஸ்டிக்கைக் கட்டிவிட்டு அளந்தீர்களா? அப்படியென்றால் எலிவேட்டரின் எடையை மேல் கேபிள் ஒன்றே சுமக்கிறது, அது கூடுதலாகத்தான் காட்டும். எலிவேட்டரை நியூட்ரலில் (நடுநிலையில்) கிளாம்ப் போட்டு நிறுத்துங்க, ஸ்டிக்கை விடுங்க, நாலைந்து முறை லேசாக ஆட்டிவிட்டு அளங்க. இரண்டு கேபிளும் சம நீளக் கைகளை எதிரெதிராக இழுக்கின்றன, அதனால் அளவு சமமாக வந்தாக வேண்டும். அப்படியும் வித்தியாசம் நின்றால் வழியில் எங்கேயோ உராய்வு. ஸ்டிக் விட்ட இடத்தில் நிற்பதும் அதையே சொல்கிறது. டென்ஷன் ஏறியதால் உராய்வு வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு புல்லியிலும் மார்க்கரால் ஒரு கோடு போடுங்க. ஒருவர் ஸ்டிக்கை முழுத் தூரம் ஆட்டட்டும், நீங்க டார்ச் அடித்துக் கோட்டைப் பாருங்க. கோடு அசையாத புல்லிதான் குற்றவாளி. அதன் பள்ளத்தில் கேபிள் வழுக்கி வழுக்கி ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

பாகூர்_ரிவெட்

மீட்டரில் சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். அதே 1/8 கேபிளில் ஒன்றரை மீட்டர் வெட்டி உத்தரத்தில் கட்டுங்க. 20 லிட்டர் தண்ணி கேனை மளிகைக்கடைத் தராசில் வைத்து, கேனோடு சேர்த்து 13.6 கிலோ வரும்வரை தண்ணீர் ஊற்றிக் கேபிளில் தொங்கவிடுங்க. அது 30 பவுண்ட். 18.1 கிலோ என்றால் 40. இரண்டு இடத்திலும் மீட்டர் சரியாகச் சொன்னால் பிறகு அதைச் சந்தேகப்படாதீங்க.

கேபிள் விட்டத்துக்கு ஏற்ற ரைசர் (மீட்டரில் கேபிளை அழுத்தும் மாற்றக்கூடிய துண்டு) போட்டிருக்கிறதா என்றும் பாருங்க. வேறு விட்டத்துக்கான ரைசரோடு 1/8-ஐ அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. டர்ன்பக்கிள், புல்லி, கேபிள் முனை எதிலிருந்தும் 6 இன்ச் தள்ளி அளக்க வேண்டும். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்க.

முதுநகர்_கிளைடர்

மீட்டர் இல்லாதவர்களுக்கு: இரண்டு புல்லிக்கு நடுவே 60 செ.மீ. கேபிள் இருந்தால், நட்டநடுவில் லக்கேஜ் ஸ்கேல் கொக்கியை மாட்டி அரை கிலோ இழுங்க. 5.5 மி.மீ. விலகினால் 30 பவுண்ட். 8.3 என்றால் 20. 4.1 என்றால் 40.

தேவனாம்பட்டினம்_புல்லி

சூத்திரம் சரிதான் (இழுப்பு × நீளம் ÷ விலகல் ÷ 4). ஆனால் 40-க்கும் 44-க்கும் நடுவில் விலகலில் 0.4 மி.மீ.கூட வித்தியாசம் இல்லை. ஸ்கேல் பிடித்த கை நடுங்கினாலே அது போய்விடும். ஒரு கிலோவாக இழுத்தால் தெளிவாகத் தெரியுமே என்று தோன்றும். அப்போது நாம் இழுப்பதே கேபிளை நீட்டி டென்ஷனை ஏற்றிவிடும், அளவு இருப்பதைவிடக் கூடுதலாக வரும். ரொம்பத் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க இது போதும். இதை வைத்து டர்ன்பக்கிளுக்கு ஒயர் கட்டாதீங்க.

அரியாங்குப்பம்_ஷெட்

நன்றி அண்ணா. கேன் சோதனையில் மீட்டர் சரி. எலிவேட்டரைக் கிளாம்ப் செய்து அளந்தால் 45, 42. மார்க்கர் கோட்டில் சீட்டுக்குப் பின்னால் இரண்டாவது புல்லி சுற்றவில்லை. பிராக்கெட்டின் இரண்டு காதும் புல்லியின் பக்கவாட்டில் உரசுகின்றன. போல்ட்டை அரைச்சுற்று தளர்த்தினால் சுற்றுகிறது. அப்படியே விடலாமா?

தேவனாம்பட்டினம்_புல்லி

விடக்கூடாது. அந்த நட்டு இறுகி இருந்தால்தான் பேரிங்கின் உள்வளையம் அசையாமல் நிற்கும். தளர்ந்தால் வளையம் போல்ட்டின் மேலேயே சுற்றி போல்ட்டைத் தின்னும். உள்வளையத்தை மட்டும் தொடுகிற அளவுக்குச் சிறிய, மெல்லிய வாஷர் பக்கத்துக்கு ஒன்று போடுங்க. நட்டை முழுசாக இறுக்கிய பிறகும் புல்லி ஒரு விரலில் சுற்ற வேண்டும், காதுக்கும் புல்லிக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். கேபிள் தாண்டிவிடாமல் தடுக்கும் கார்டு பின்னை மறக்காமல் திரும்பப் போடுங்க.

கையோடு கேபிள் புல்லிக்குள் நேராக நுழைகிறதா என்று பாருங்க. 2 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் புல்லியின் விளிம்பு அரைக்கும். ஃபேர்லீடில் (கேபிள் நுழைந்து போகும் வழிகாட்டித் துளை) கேபிள் திரும்புவது 3 டிகிரியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அங்கே புல்லிதான் வேண்டும்.

பிறகு மறுபடி செட் பண்ணுங்க. விடியற்காலையில், உடம்பும் கேபிளும் ஒரே சூட்டில் இருக்கும்போது. வெயில் ஒரு பக்கம் விழும் நேரத்தில் தெர்மாமீட்டர் சொல்வது ஒன்று, அலுமினியத் தகட்டின் சூடு வேறு. ஸ்டிக் நியூட்ரலில், எலிவேட்டர் நியூட்ரலில் கிளாம்ப். இரண்டு டர்ன்பக்கிளையும் மாற்றி மாற்றி அரை அரைச் சுற்று. ஒன்றை மட்டும் இறுக்கினால் எண் வந்துவிடும், கிளாம்பை எடுத்ததும் எலிவேட்டர் நியூட்ரலை விட்டு நகர்ந்துவிடும். எண் வந்ததும் ஸ்டிக்கை முழுத் தூரம் 20 முறை ஆட்டி மறுபடி அளங்க. புதுக் கேபிள் இந்த ஆட்டத்தில் 2, 3 பவுண்ட் இறங்குவது சகஜம். தினமும் இறங்கிக்கொண்டே போனால் நைகோபிரஸ் ஸ்லீவில் (மடக்கிய கேபிள் முனையை அழுத்திப் பிடிக்கும் உலோக உறை) கேபிள் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லீவுக்கு வெளியே நீட்டும் கேபிள் வாலின் முனையில் ஒரு சொட்டு பெயின்ட் வைத்தால் நழுவல் கண்ணுக்குத் தெரியும். 1/8-க்கு ஸ்லீவில் மூன்று அழுத்தம், முதல் அழுத்தம் நடுவில். ஒவ்வொன்றையும் கோ, நோ-கோ கேஜில் (அழுத்தம் போதுமா என்று காட்டும் அளவுத் தகடு) நுழைத்துப் பார்த்தீர்கள்தானே?

பாகூர்_ரிவெட்

டர்ன்பக்கிள் பேரலுக்கு (நடுக் குழல்) வெளியே ஒரு முனையில் மூன்று மரைக்கு மேல் தெரியக்கூடாது. எஃப்ஏஏ-வின் (அமெரிக்க விமானத்துறை) ஏசி 43.13-1பி கையேடு சொல்வதும் அதுதான். மரை முழுசாக உள்ளே போயும் டென்ஷன் வரவில்லை என்றால் கேபிள் நீளம். வெட்டிப் புதுசாகப் போட வேண்டும், வேறு வழியில்லை. ஒயர் 0.040 இன்ச் ஸ்டெயின்லெஸ், டபுள் ரேப் (இரட்டைக் கம்பிக் கட்டு), முனையின் தண்டில் குறைந்தது நாலு சுற்று. கட்டுவதற்கு முன்னால் இன்னொருவரை வெளியே நிறுத்தி, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே போகிறதா என்று கேளுங்க. கட்டியவரே பார்த்தால் மனசு சரி என்றுதான் சொல்லும்.

முதுநகர்_கிளைடர்

கடற்கரை ஆட்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கால்வனைஸ்டு கேபிளை மண்ணெண்ணெயில் கழுவாதீங்க. பைக் கிளட்ச் கேபிளுக்குச் செய்கிற வேலை அது. உள்ளே இழைகளுக்கு நடுவில் இருக்கிற மசகு கரைந்து போனால், அந்த இடத்தில் உப்புக்காற்று போய் உட்காரும். துருவும் உள்ளிருந்து தொடங்கும், வெளியே பளபளப்பாகவே இருக்கும். பழைய பருத்தித் துண்டால் கேபிளைச் சுற்றிப் பிடித்து முழு நீளமும் தேயுங்க. அறுந்த இழை இருந்தால் துண்டில் நூல் மாட்டும். வெறுங்கையால் செய்யாதீங்க, ஊசிபோல் குத்தும். ஸ்டிக்கை இரு கோடிக்கும் தள்ளி வைத்து, புல்லிக்குள் ஒளிந்திருக்கும் பகுதியையும் வெளியே கொண்டுவந்து தேயுங்க. முக்கால்வாசி அங்கேதான் அறுந்திருக்கும். சந்தேகமான கேபிளைக் கழற்றி வளையமாக மடக்கி லேசாக முறுக்கினால் இழைகள் விரியும். உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் டென்ஷன் எவ்வளவு இருந்தாலும் அந்தக் கேபிளை மாற்றுங்க.

அரியாங்குப்பம்_ஷெட்

வாஷர் போட்டாயிற்று. இன்று விடியற்காலை 5 மணிக்கு, 28 டிகிரியில், 36, 36. எலிவேட்டர் தானாக இறங்குகிறது. வெப்பநிலையைக் கேட்டு பிளான்காரருக்கு மெயில் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை ஒயர் கட்டப் போவதில்லை.