மடிக்கணினியில் பாட்டுக் கேட்க மேசை ஸ்பீக்கர்: 2.1 வேண்டுமா, இரண்டு பெட்டி போதுமா?

கேள்வி – மந்தரஸ்தாயி

அனைவருக்கும் வணக்கம். பத்துக்குப் பத்து அடி அறையில், சுவரை ஒட்டிப் போட்ட மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலையும் பார்க்கிறேன், பாட்டும் கேட்கிறேன். பெரும்பாலும் கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள். அவற்றுக்கு அடுத்தபடியாக எண்பதுகளின் திரைப்பாடல்கள்.

இப்போது என்னிடம் இருப்பது ஆறு ஆண்டுப் பழைய 2.1 செட். இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள் மேசைமேல், கீழ்நாதத்துக்கான வூஃபர் பெட்டி காலடியில். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி கொடுக்கும்போது நாதம் வழுக்கிக்கொண்டு மேலேறுவதைச் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். என் பெட்டியிலோ அந்த வழுக்கல் எதுவுமின்றி எப்போதும் ஒரே ‘பொம்’ மட்டுமே வருகிறது. வலப்பக்கமான வலந்தலையின் சாப்பு மேசைமேலும் தொப்பி மேசைக்கடியிலுமாகக் கேட்பதால், தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கிறது. இது போதாதென்று, மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியவுடன் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வேறு.

பத்தாயிரம் ரூபாய்வரை செலவிட முடியும். மிகவும் தேவையென்றால் இன்னும் இரண்டாயிரம் கூட்டலாம். தனி வூஃபர் இல்லாமல் வாங்கினால் கீழ்நாதம் குறைந்துவிடுமா? எத்தனை வாட் வேண்டும்? புளூடூத்தில் கேட்டால் தரம் கெடுமா?

மறுமொழி 1 – சுருதிப்பெட்டி

நண்பரே, நீங்கள் கேட்பதில் பிழையே இல்லை. உங்கள் காது சொல்வதுதான் உண்மை. 2.1 செட்டின் குட்டிப் பெட்டிகளில் இரண்டு, இரண்டரை அங்குலக் கூம்புகளே இருக்கும். அவற்றால் சுமார் 200 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 அதிர்வுகளுக்கு) கீழே வலுவாக ஒலிக்க முடியாதென்பதால் அந்தப் பகுதி முழுவதையும் வூஃபர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ், அவர் இறங்கிப் பாடும் மந்தரப் பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். அதாவது மிருதங்கம் மட்டுமல்ல, பாடகரின் குரலிலேயே கீழ்ப்பாதி உங்கள் காலடியிலிருந்து வருகிறது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுபிடிக்காது. அதற்கு மேலே போகப் போகக் கண்டுபிடித்துவிடும்.

‘பொம்’முக்குக் காரணம் வேறு. சிறிய பெட்டியில் கீழ்நாதம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, துளையிட்ட அந்தப் பெட்டியை ஏதேனும் ஒரு சுரத்தில் முழங்கும்படி அமைத்துவிடுவார்கள். தொப்பியின் நாதம் எங்கே ஏறினாலும் பெட்டி தன் சுரத்தையே பாடும்.

ஆகவே நான்கு அங்குலக் கூம்பு கொண்ட, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த இரண்டு பெட்டிகளை வாங்குங்கள். எடிஃபயர் ஆர்1280டி (R1280T) இந்த வகையில் பலர் வாங்குவது: கீழ்நாதத்துக்குப் பெட்டிக்குள்ளேயே நான்கு அங்குலக் கூம்பு (வூஃபர்), மேல்நாதத்துக்குப் பட்டுத் துணியாலான ட்வீட்டர், பக்கவாட்டில் பேஸ், ட்ரெபிள் திருகிகள். அதே நிறுவனத்தின் எம்ஆர்4 பாடல் பதிவு செய்வோரை மனத்தில் வைத்துச் செய்தது. கச்சேரிப் பதிவுகளுக்கு நான் அதையே எடுப்பேன், ஏனென்றால் குரலுக்கு மினுக்கு ஏற்றாமல் உள்ளபடி தருகிறது. இவை சுமார் 70 ஹெர்ட்ஸ்வரை தாராளமாக இறங்கும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் திரைப்பாடலில் அடிநாதத்தின் கனம் சற்றுக் குறையத்தான் செய்யும். ஆனால் மேலெழும் கிளைநாதங்களைக் கொண்டே காது சுரத்தைப் பிடித்துக்கொள்வதால் பேஸின் நடை எங்கும் தொலைந்துபோகாது.

வாட் பற்றிக் கவலை வேண்டாம். வாட் இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. கைக்கெட்டும் தூரத்தில் கேட்பவருக்கு ஒரு பக்கத்துக்கு இருபது வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய திறன்) மிகுதி. அட்டைப்பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ.’ (நொடிப்பொழுது உச்சத் திறன்) என்று ஆயிரக்கணக்கில் எண் போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம்.

மறுமொழி 2 – ஈயப்பற்று

சார்ஜர் இரைச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் புது ஸ்பீக்கர் வாங்கியும் அது தொடர்ந்தால் மனம் நொந்துபோவீர்கள். முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் உடனே நின்றால் அது ஸ்பீக்கரின் பழுது அல்ல. மின் இணைப்பின் எர்த் வழியாகவும் ஆடியோ கம்பியின் வழியாகவும் ஒரு சுற்று ஏற்பட்டு, அதில் ஓடும் சிறு மின்னோட்டமே ஒலியாகக் கேட்கிறது. இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் குறைந்துவிடும். குறையாவிட்டால், 3.5 மி.மீ. கம்பியின் நடுவே மாட்டும் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டிஜிட்டல் ஒலியை மடிக்கணினிக்கு வெளியே மாற்றித் தரும் யு.எஸ்.பி. டாக் வாங்கினால் தீரும் என்று பலர் சொல்வார்கள். அந்தக் கம்பியிலும் கிரவுண்ட் இணைப்பு இருப்பதால் அது நிச்சயமான தீர்வு அல்ல. எக்காரணம் கொண்டும் மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடாதீர்கள். அது உயிர் காக்கும் முனை.

புளூடூத்தில் இந்தச் சுற்றே ஏற்படாது. பாட்டுக் கேட்க அதன் தரம் போதும். படம் பார்க்கையில்தான் உதட்டசைவும் ஒலியும் சற்று விலகலாம். முன்னவர் சொன்ன ஆர்1280டி-யில் புளூடூத் இல்லை. வேண்டுமென்றால் ஆர்1280டிபி (R1280DB) பாருங்கள்.

மறுமொழி 3 – தம்புரா

எதை வாங்கினாலும் வைக்கும் இடத்தில் கவனம் வையுங்கள். இரண்டு பெட்டிகளும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். நான் துணி சுற்றிய செங்கல் இரண்டின்மேல் பெட்டிகளை ஏற்றினேன். அதுவரை மேசைப் பலகையில் பட்டுத் திரும்பிய ஒலியால் மங்கிக் கிடந்த வயலின், அன்றுதான் தெளிந்து கேட்டது. உங்கள் மேசை சுவரை ஒட்டியிருப்பதால் அதை ஒரு முழமாவது முன்னால் இழுத்துப் போடுங்கள். சுவர் நெருங்க நெருங்கக் கீழ்நாதம் பருத்துவிடும். பின்பக்கம் துளை உள்ள பெட்டி என்றால் இன்னும் கூடுதல் இடைவெளி வேண்டும்.

மந்தரஸ்தாயி

மூவருக்கும் மிக்க நன்றி. சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது; ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றியபின் காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் கேட்கிறது. மேசையையும் முன்னால் இழுத்து, வூஃபர் திருகியைப் பாதிக்குக் கீழே குறைத்தேன். முழுமையாக இல்லாவிட்டாலும் கும்கியின் ஏற்றம் முதல்முறையாகக் கொஞ்சம் தெரிகிறது. சனிக்கிழமை மடிக்கணினியையும் அதே தனி ஆவர்த்தனப் பதிவையும் எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளுக்குப் போகிறேன். எம்ஆர்4, ஆர்1280டிபி இரண்டையும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.