மறுமொழி: சீட்டு மேசையில் ‘அவுட் ஆஃப் பொசிஷன்’: முந்துகை சரிவருமா?

ஐயா, அக்கா, மற்ற எல்லாருக்கும் செந்தூலிலிருந்து வணக்கம். போக்கர் சீட்டாட்டத்தில் எதிராளிக்கு முன்னரே முடிவைச் சொல்லவேண்டிய நிலையை ஆங்கிலத்தில் ‘அவுட் ஆஃப் பொசிஷன்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘முந்துகை’ என்று வைக்கலாம் என்பது என் கட்சி. அதற்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘இடம் தவறிய’ என்றே வைக்கலாம். நேரடியாக இருக்கிறது, எவருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். காற்பந்தில் தடுப்பாட்டக்காரன் தன் இடத்தை விட்டு எங்கோ ஓடி நின்றால் அவன் இடம் தவறியவன், குற்றம் அவன்மேல். போக்கரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. பட்டன் என்னும் அடையாள வில்லை (அதை வைத்திருப்பவன் கடைசியில் பேசுவான்; எங்கள் மேசையில் மைலோ டின் மூடி) ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் ஆள் இடப்பக்கம் நகர்கிறது. தொல்லை இன்றைக்கு எனக்கு, அடுத்து வேறொருவருக்கு.

அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே பொசிஷன் என்பது இடமே இல்லை. யார் முதலில் வாயைத் திறந்து தன் முடிவைச் சொல்லவேண்டும், யார் எதிராளி செய்ததைப் பார்த்துவிட்டுத் திறக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்தைக் காட்டியும் நான் மசியாததற்கு இதுவே காரணம். முதலைக்கு ஆழ்ந்த நீர் ஓர் இடம், கரை வேறோர் இடம். ஆனால் இரண்டு பேர் மட்டும் ஆடும் போக்கரைப் பாருங்கள். பட்டன் வைத்திருப்பவனே சின்ன பிளைண்டும் (சீட்டைப் பார்க்குமுன்னே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகைகளில் சிறியது) கட்டுகிறான். பொதுச்சீட்டு (எல்லாருக்கும் பொதுவாக மேசை நடுவில் விரிப்பது) விரியுமுன் முதலில் பேசுகிறவன் அவன், விரிந்தபின் கடைசியில் பேசுகிறவனும் அவனே. நாற்காலி அப்படியே இருக்கிறது, முறைதான் புரண்டுவிட்டது.

> கையில் நல்ல சீட்டு இருக்கிறவனுக்கு முன்னே பேசினால் என்ன, பின்னே பேசினால் என்ன தம்பி?

அக்கா கேட்டது இந்த இழையின் உயிரான கேள்வி. சென்ற தீபாவளிக்கு எனக்கு நடந்ததையே சொல்கிறேன். (மலேசியாவின் 1953ஆம் ஆண்டுச் சூதாட்ட விடுதிச் சட்டத்தை யாரும் நினைவூட்டவேண்டாம். நாங்கள் ஆடியது கொறிக்கிற குவாச்சி விதைக்கு. தோற்கிறவன் கடனை அடைக்காமல் தின்றுவிடுகிறான் என்பது தனிப் புகார்.) பிளைண்டு ஒன்றும் இரண்டும், ஆளுக்கு 200 விதை. சின்ன பிளைண்டில் நான். கையில் ஏஸும் ராஜாவும். பட்டனில் இருந்த மச்சான் 6 என்று ஏற்றினான், நான் 24 ஆக்கினேன். பின்னால் பேசுகிறவனுக்கு மும்மடங்கு ஏற்றினால் போதும். முன்னால் பேசுகிறவன் நான்கு மடங்காவது ஏற்றவேண்டும் என்பார்கள், எதிராளிக்கு மலிவாகப் பார்க்க இடம் தரக்கூடாதென்று. அவன் யோசிக்காமல் அதே 24ஐ ஒத்துக் கட்டினான். ஆட்டத்தை விட்டு மடக்கிய பெரிய பிளைண்டின் இரண்டும் சேர்ந்து நடுவில் 50.

விரிந்தது 9, 7, 4. இதில் அதிசயம் இல்லை. ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவனுக்கு முதல் மூன்று பொதுச்சீட்டில் ஜோடி சேராமல் போவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை. இப்போது முதலில் பேசவேண்டியவன் நான். பந்தயம் கட்டாமல் மேசையைத் தட்டிவிட்டால் ‘கையில் ஒன்றும் இல்லை’ என்று ஒப்புக்கொண்ட மாதிரி, அவன் கட்டித் துரத்துவான். நான் கட்டினால், அவன் பேசாமல் ஒத்துக் கட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குக் காத்திருப்பான். நான் 25 வைத்தேன், கட்டினான். அடுத்த சீட்டுக்கு 50 வைத்தேன், அதையும் கட்டினான். நடுவில் 200, என்னிடம் மிச்சம் 101, கையில் இன்னும் ஜோடிகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துவிட்டு அவன் முடிவெடுத்தான். அவன் என்ன செய்வான் என்று தெரியாமலே நான் எடுத்தேன். கடைசியில் மேசையைத் தட்டினேன். அவன் எல்லாவற்றையும் தள்ளினான், நான் மடக்கினேன்.

இரண்டு ராஜா வந்திருந்தாலும் நிம்மதி இல்லை. நூற்றில் 23 தடவை முதல் மூன்றிலேயே ஏஸ் ஒன்று எட்டிப் பார்க்கும். அப்போதும் முதலில் பேசவேண்டியவன் நீங்கள்தான். பந்தயத்துக்கு அளவு கட்டிய ஆட்டத்தில் ஒரு தப்புக்கு ஒரு பந்தயம்தான் போகும். வரம்பில்லா ஆட்டத்தில் அதே தப்பு சுற்றுக்குச் சுற்று இரட்டித்துப் பை முழுவதையும் கொண்டுபோய்விடுகிறது.

இனி சொல். ‘முன்கை’ வேண்டாம், அது முழங்கைக்குக் கீழே ஏற்கெனவே இருக்கிறது. ‘முன்வாய், பின்வாய்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டாவதை அவர் வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கட்டும். ‘முன்முறை’ ஒருவகையில் சரி, ஆனால் ‘எனக்கு அவன் பின்முறை’ என்றால் கல்யாணப் பேச்சு மாதிரி ஒலிக்கிறது.

என் சொல் முந்துகை, அதற்கு எதிர் பிந்துகை. வருகை, செய்கை போலத் தொழிற்பெயர். சீட்டாடுகிறவன் காதில் ‘கை’ தானாகவே சீட்டுக் கையாகவும் விழும். இன்னொரு வசதி, இது ஆளை ஒட்டியது. பட்டனுக்கு வலப்பக்கத்து ஆள் பிளைண்டுக்காரர்களுக்குப் பிந்துகை, பட்டன்காரனுக்கு மட்டும் முந்துகை. ‘இடம்’ வைத்துக் கட்டிய எந்தச் சொல்லிலும் இந்த ‘யாருக்கு’ நிற்காது. ‘ஸ்டார்ட்டிங் ஹேண்ட்’ (முதலில் கையில் வரும் இரண்டு சீட்டு) என்பதற்குத் தொடக்கச்சீட்டு, அதில் உயர்ந்தவை வலுச்சீட்டு. ‘வலுக்கை’ என்று எழுதினால் பாதிப் பேர் வலக்கை என்று படிப்பார்கள்.

---

தம்பிக்கு, பட்டர்வொர்த்திலிருந்து.

‘இடம் தவறிய’ என்பதைக் கைவிடுகிறேன். இரண்டு பேர் ஆட்டத்து எடுத்துக்காட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முந்துவது தமிழனுக்கு நல்ல காரியமாயிற்றே. முந்திக்கொண்டான் என்றால் கெட்டிக்காரன் என்று பொருள். ‘வலுச்சீட்டு முந்துகை’ என்று படிக்கிறவன் கொழுத்த லாபம் என்றல்லவா நினைப்பான்?

---

ஐயா, அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்றுதானே சொல்லி வளர்த்தீர்கள். நாசிக் கண்டார் சோற்றுக்கடை வரிசையில் முந்தினால் லாபம். மச்சானோடு உட்கார்ந்தால் அது படை.

அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டுமா?

முந்துகை (பெ.): பொதுச்சீட்டு விரிந்தபின், குறிப்பிட்ட எதிராளிக்கு முன்னரே தன் முடிவைச் சொல்லவேண்டிய நிலை. எ.கா.: ‘பட்டனுக்கு முந்துகையில் வலுச்சீட்டு வந்தால் பெரிதாக ஏற்று, அல்லது மடக்கு.’

---

தம்பி, பதிவு சரி. எடுத்துக்காட்டில் ‘அல்லது மடக்கு’ என்பதை எடுத்துவிடு. ஏஸும் ராஜாவும் கையில் வைத்துக்கொண்டு விரியுமுன் மடக்கச் சொல்லும் அகராதியைப் பினாங்கில் ஒருவரும் வாங்கமாட்டார்.