மகஜரில் கையெழுத்துப் போடச் சொன்னால்

குழித்துறைக்காரர்:
குற்றவாளியா இல்லையா என்று ஊர்க்காரர்களே கோர்ட்டில் உட்கார்ந்து சொன்ன ஜூரி முறை 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஒழிந்தது. இன்று ஊர்க்காரன் தலையில் விழுவது மகஜர் சாட்சிதான். மகஜர் என்றால் இங்கே மனு இல்லை; சோதனை போட்டதையும் சரக்கைக் கைப்பற்றியதையும் போலீசார் அந்த இடத்திலேயே எழுதும் பத்திரம். களியக்காவிளை ரோட்டில் ரேஷன் அரிசி பிடிபட்டால் சாயாக்கடையில் நிற்கிற ரெண்டு பேரைக் கூப்பிடுவார்கள். வீட்டுச் சோதனைக்கு எழுத்துமூலம் அழைத்தும் தக்க காரணமில்லாமல் மறுத்தால் அது குற்றம். வாய்மொழியாகக் கூப்பிட்டால் அந்தப் பிரிவு பாயாது.

தர்மசங்கடம் கோர்ட்டில் வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது கையெழுத்துப் போடும்போதே வந்துவிடும். முழுசாக வாசியுங்கள். நேரம், இடம், மூடைக் கணக்கு மூன்றும் சரியா? நீங்கள் போகும்போது சரக்கு ஏற்கெனவே இறக்கிக் கிடந்தால், "என் முன்னிலையில் இறக்கி" என்ற வரியைத் திருத்தச் சொல்லுங்கள். கடைசி வரியை ஒட்டிக் கையெழுத்து, பக்கத்தில் நேரம். கீழே காலி இடம் இருந்தால் குறுக்கே கோடு. வெள்ளைத்தாளில் வேண்டவே வேண்டாம். மாதிரிப் பொட்டலத்துச் சீட்டிலும் கையெழுத்துக் கேட்டால், சீல் வைப்பதைப் பார்த்த பிறகு போடுங்கள். போலீசிடம் சொல்லும் வாக்குமூலம் வேறு. அதில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

வக்கீல் குமாஸ்தா, இரணியல்:
2024 ஜூலை முதல் சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று சட்டம். அதனால் "நான் அங்கே போகவே இல்லை" என்ற பழைய பல்லவி இனி எளிதில் எடுபடாது.

சம்மன் வரும்போது பெரும்பாலும் வருஷம் சில போயிருக்கும். அன்றைக்கே நோட்டில் குறித்து வைத்தவர், கோர்ட் அனுமதியோடு அதைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளலாம். குறுக்கு விசாரணையில் கேட்பது சின்ன விஷயங்கள்தான்: வெளிச்சம் எங்கிருந்து வந்தது, மகஜரை எழுதியது யார், எதன் மேல் வைத்து எழுதினார். மறந்திருந்தால் "நினைவில்லை" என்பதே மரியாதை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்றால் பிறழ் சாட்சி, அதாவது கூப்பிட்ட தரப்புக்கே எதிராகத் திரும்பிய சாட்சி. பொய் என்று தெரிந்தே சொன்னது நிரூபணமானால் 7 வருஷம் வரை தண்டனை உண்டு. பிறழ் சாட்சியானாலும் அவர் சொன்னதில் நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரனைக் காப்பாற்றுவதாக நினைத்து உளறுபவர்களுக்கு இது தெரிவதில்லை.

சம்மனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வாரண்ட். வண்டிச்செலவுக்குப் படி கேட்கலாம், யாரும் தானாக எடுத்து நீட்ட மாட்டார்கள்.

தக்கலையிலிருந்து:
ஜூரிக்குக் கிட்டத்தட்ட வருவது பிரேத விசாரணைப் பஞ்சாயத்தார் வேலை, அதாவது சந்தேக மரணத்தில் உடலைப் பார்க்கப் போலீஸ் கூப்பிடும் ஊர்க்காரர்கள் வேலை. சாவுக்கு என்ன காரணம் என்று உங்களிடமே கருத்துக் கேட்பார்கள். தூக்கு என்றால் கயிறு, முடிச்சு, கழுத்துத் தடம், கால் தரையில் பட்டதா, கதவு உள்ளே பூட்டியிருந்ததா, இவ்வளவுதான் உங்கள் எல்லை. யார் செய்தது என்பது அந்த விசாரணையின் கேள்வியே இல்லை.

துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், யாராவது தோளைத் தொட்டு, "வயிற்றுவலின்னு எழுதச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பார்கள்; வலி தாங்காமல் தூக்குப் போட்டதாக எழுத வேண்டுமாம். அங்கேதான் பிரச்சினை. அந்த வலியை நீங்கள் பார்க்கவில்லை. "வீட்டார் அப்படிச் சொல்கிறார்கள்" என்று எழுதவைத்தால் பொய்யும் இல்லை, பகையும் இல்லை. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணை வரும். பத்மநாபபுரம் கோட்டத்தில் சப் கலெக்டர். வயிற்றுவலிக்குத் தலையாட்டிய பஞ்சாயத்தாரிடம் அவர் முதலில் கேட்பது, "எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தாங்க?"