ஸ்லோ குக்கரில் சாசேஜ் பீன்ஸ் சூப் செய்தபோது எங்களுக்கு நேர்ந்தது

சிகாகோவில் இது எங்களுக்கு ஆறாவது குளிர்காலம். காலையில் ஸ்லோ குக்கரை (குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) போட்டுவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் கதவைத் திறக்கும்போதே பூண்டு வாசமும் கில்பாசா என்கிற போலந்து சாசேஜின் வாசமும் ஆளைத் தூக்கும். இந்தச் சூப்பைச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டுப் போலந்துப் பாட்டி. அவர் டப்பாவில் வரும் பீன்ஸ் பயறுதான் போடுவார். நான்தான் நம் வீட்டுப் பழக்கத்தில் ராஜ்மாவை இரவே ஊறவைத்து, காலையில் அப்படியே போட்டு, 'லோ' என்கிற குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் விட்டேன்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் எனக்கும் கணவருக்கும் வாந்தி. நள்ளிரவு வரை நிற்கவில்லை. பையன் அன்று பாஸ்தா சாப்பிட்டதால் அவனுக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கும் நினைத்தால் பதறுகிறது.

சாசேஜ்தான் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, ராஜ்மாதான். அதில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்றொரு நச்சுப் புரதம் இருக்கிறது. தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். 'லோ'வில் சூடு 80 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடாமல் போகலாம். அந்த அரைச்சூட்டில் நஞ்சு பச்சை ராஜ்மாவில் இருப்பதைவிட அதிகமாகவும் ஆகுமாம். அம்மா ஒருநாளும் இதைப் பற்றிச் சொன்னதில்லை. பிரஷர் குக்கரில் விசில் விட்டு வேகவைக்கிற வீட்டில் இந்தக் கேள்வியே வராதே.

இப்போது ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் அடுப்பிலேயே கொதிக்கவிடுகிறேன். பத்து நிமிடத்துக்குக் குறையவே கூடாது. அப்புறம் கில்பாசாவை வட்டமாக நறுக்கி, ஓரம் சிவந்து சுருளும் வரை வாணலியில் வாட்டி எடுத்து, இறங்கிய கொழுப்பிலேயே வெங்காயம், கேரட், செலரி வதக்குகிறேன். ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டினால் அடியில் பிடித்த பழுப்பெல்லாம் கரைந்து வரும். சூப்பின் ருசியே அதில்தான், அதையும் வழித்து ஸ்லோ குக்கரில் ஊற்றுங்கள்.

---

அக்கா, படிக்கவே பயமாக இருக்கிறது. எனக்கு நேர்ந்தது வேறு. தக்காளியை முதலிலேயே போட்டுவிட்டேன். ஒன்பது மணி நேரம் கழித்தும் பீன்ஸ் கல் மாதிரி கிடந்தது. புளிப்பு பட்டால் தோல் இளகாது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது பீன்ஸ் வெந்த பிறகு, கடைசி ஒரு மணி நேரத்தில்தான் தக்காளி. கேல் கீரை அதற்கும் பிறகு.

---

நான் டப்பா பீன்ஸ் கட்சி. அது ஏற்கெனவே வெந்தது, கழுவிப் போட்டால் போதும்.

ஆனால் இந்த ஸ்லோ குக்கர் பிறந்ததே பீன்ஸுக்காகத்தான், அதுவும் உங்கள் ஊர் சிகாகோவில். இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவில் அவருடைய பாட்டி, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் அடுப்பு மூட்டக் கூடாதென்று, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பாராம். மறுநாள் வரை அந்தத் தணலில் வேகும். சோலண்ட் என்று பெயர். தன் அம்மா சொன்ன இந்தக் கதையில்தான் நாக்ஸனுக்கு யோசனை பிறந்தது. அவர் வைத்த பெயர் 'நாக்ஸன் பீனரி'. பின்னால் ரைவல் நிறுவனம் வாங்கி, 1971-இல் கிராக்-பாட் என்று விற்றது.

---

பீனரியா! நாளைக்கே பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்ல வேண்டும். தக்காளி விஷயத்துக்கு ரொம்ப நன்றி தங்கச்சி. ஒரு கப் ராஜ்மா ஊறிக்கொண்டிருக்கிறது, காலையில் முதல் வேலை அதைக் கொதிக்கவிடுவதுதான்.