தெரியாத பக்கத்தில் வந்த பந்து: பார்வைப் பயிற்சி பற்றி அறிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் அப்பாவுக்கு (வயது 67) மூளையின் வலப்புறப் பின்பகுதியில் பக்கவாதம் வந்தது. கண்களில் குறையில்லை, ஆனால் இரண்டு கண்களுக்குமே இடப்பாதி தெரிவதில்லை. இடப்பக்கம் வைக்கும் தண்ணீர்க் குவளையைத் தினமும் தட்டிவிடுகிறார்.

சென்ற வாரம் அந்தப் பக்கத்திலிருந்து பேரன் எறிந்த பந்துக்குத் தலையைச் சட்டென்று விலக்கிக்கொண்டார். கேட்டால், "எந்தப் பந்து?" என்கிறார். நடிக்கிறாரோ என்றுகூட நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது.

தேடியபோது 'பிளைண்ட்சைட்' (பார்த்த உணர்வே இல்லாமல் பார்த்ததற்கு ஏற்ப நடந்துகொள்வது) என்ற சொல் கிடைத்தது. 1970களில் உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் ஆராய்ந்த டி.பி. என்பவருக்கு, அறுவைச் சிகிச்சையில் வலப்புறப் பார்வைப் புறணியின் (பார்வைக்கான மூளை மேற்பகுதி) பகுதி அகற்றப்பட்டிருந்தது. எதுவும் தெரியவில்லை, ஊகம்தான் என்று சொல்லிக்கொண்டே, தெரியாத இடப்பக்கத்தில் ஒளிப்புள்ளி தோன்றிய இடத்தைப் பெரும்பாலும் சரியாகச் சுட்டினாராம். கண்ணிலிருந்து நடுமூளைக்குப் போகும் தனிப்பாதை இதற்கு உதவக்கூடும் என்கிறார்கள்.

அப்பாவுக்கும் இதுதானா என்று யாரிடம் காட்டிக் கேட்பது, நரம்பியல் மருத்துவரிடமா, கண் மருத்துவரிடமா? இடப்பக்கம் பார்வையைத் திருப்பித் தேடும் பயிற்சியை யாராவது வீட்டில் செய்திருக்கிறீர்களா, பலன் தெரிய எத்தனை நாள் ஆனது? மதுரைப் பக்கம் கற்றுத்தருபவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தெருவில் இறங்க அப்பா பயப்படுகிறார்.